ஒரே மருந்து, இரண்டு நோயாளிகள்: வயலில் அடிப்பது நுரையீரலில் ஏன் கேட்காமல் போகிறது?

தமிழில் பயிருக்கு அடிப்பதும் மருந்துதான், மனிதர் விழுங்குவதும் மருந்துதான். "மருந்தடிச்சாச்சா?" என்று வரப்பில் நின்று கேட்பவரும், "மருந்து சாப்பிட்டாச்சா?" என்று வீட்டில் கேட்பவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பயிருக்கு அடிப்பதை மருந்து என்று சொல்லாதீர்கள், நஞ்சு என்று சொல்லுங்கள் என்று இயற்கை வேளாண்மை பேசுவோர் திருத்துவதுண்டு. ஆனால் ஓரிடத்தில் நம் பேச்சுவழக்கு சொல்வது வேதியியல்படியே சரி. நெற்பழ நோய்க்கு அடிக்கும் புரோபிகோனசோலும், நுரையீரலைப் பிடித்த பூஞ்சைக்கு மருத்துவர் எழுதும் வோரிகோனசோலும் ஒரே குடும்பம். ஒரே இடத்தில்தான் இரண்டும் கைவைக்கின்றன.

இந்த உறவால்தான் இப்போது சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் மனிதருக்கு ஆபத்தான 19 பூஞ்சைகளை முதன்முறையாகப் பட்டியலிட்டது. அதில் மிக அவசரம் என்று வகைப்படுத்திய நான்கில் ஒன்று ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ். 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு, மருந்து, நோய்த்தடுப்பு, வேதிப்பொருள் அமைப்புகளும் ஆய்வு மையமும் சேர்ந்து, இந்தப் பூஞ்சை மருந்துக்கு அடங்காமல் போவதற்கும் வயலில் அடிக்கும் பூஞ்சைக்கொல்லிக்கும் தொடர்பு உண்டு என்று அறிக்கை வெளியிட்டன.

இதைப் படித்தவர்களுக்கு வரும் குழப்பம் பெரும்பாலும் மூன்று. காய்கறியில் எஞ்சியிருக்கும் மருந்தைத் தின்பதால் வருவதா? பயிருக்கு வரும் நோய் மனிதருக்கும் தொற்றுகிறதா? கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சையா இது? மூன்றும் இல்லை. கறுப்புப் பூஞ்சை என்று 2021-இல் நாம் கேட்டது மியூகோர்மைகோசிஸ். அது வேறு பூஞ்சை வகை, அதற்கு வோரிகோனசோல் தொடக்கத்திலிருந்தே வேலை செய்யாது. மற்ற இரண்டுக்கும் விடை சொல்ல அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

"எதிர்ப்பு" என்ற சொல் தமிழில் இரண்டு எதிரெதிர்ப் பொருளில் புழங்குகிறது. நோய் எதிர்ப்பு சக்தி நம் உடம்பில் இருப்பது, நமக்கு நல்லது. மருந்து எதிர்ப்பு கிருமிக்கு வருவது, நமக்குக் கெட்டது. "எதிர்ப்பு கூடிவிட்டது" என்று தலைப்புச் செய்தியில் வந்தால் யாருக்குக் கூடியது என்று பார்க்க வேண்டும். இங்கே பேசுவது பூஞ்சைக்கு வரும் மருந்து எதிர்ப்பை மட்டும்.

அடுத்தது அசோல், மேலே சொன்ன குடும்பத்தின் பெயர். வயலில் புரோபிகோனசோல், டெபுகோனசோல், ஹெக்சகோனசோல், டைஃபெனோகோனசோல். மருந்துக்கடையில் ஃபுளூகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல். பெயரின் வாலைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். முழுதாக நம்பிவிடக் கூடாது. வாயுத்தொல்லைக்குப் போடும் ஓமெப்ரசோலும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை அல்பெண்டசோலும் அதே வாலோடு வருகின்றன, இந்தக் கதையில் அவற்றுக்கு வேலை இல்லை. நெல் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல்கூட இதில் சேராது. அது பூஞ்சையின் கருநிறமியைத் தடுத்து வேலை செய்வது, வழியே வேறு.

அசோல் எப்படிக் கொல்கிறது

பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு உறுதியாக நிற்க எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும். நம் செல்லில் அந்த வேலையைக் கொலஸ்டிரால் செய்கிறது. எர்கோஸ்டிராலைச் செய்யும் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு நொதியின் குழிவில் அசோல் போய் அடைத்துக்கொள்கிறது. சரக்கு வராமல் சவ்வு சிதைகிறது. அந்த நொதிக்கான மரபணுவின் பெயர் சைப்51ஏ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

இங்கே ஒரு அடிப்படைச் சங்கடம் உண்டு. பாக்டீரியா நமக்கு மிகத் தூரத்து உயிர், அதைத் தாக்க நம்மிடம் இல்லாத உறுப்புகள் நிறையக் கிடைக்கும். பூஞ்சை அப்படியல்ல, உயிர்களின் குடும்ப மரத்தில் அது செடியைவிட விலங்குக்கு நெருக்கமானது. அதைக் கொல்லப் போனால் நம்மையும் தொடும். அதனால்தான் உடம்புக்குள் பரவிய பூஞ்சைக்குக் கொடுக்க முதன்மையான மருந்து வகைகள் மூன்றே மூன்று: அசோல்கள், ஆம்ஃபோடெரிசின் பி, எக்கினோகாண்டின்கள். ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். எக்கினோகாண்டினும் ஊசிதான். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு மாத்திரையாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடிவது அசோல் ஒன்றைத்தான்.

வயலிலும் கிட்டத்தட்ட இதே நிலை. விலை குறைவு, இலைக்குள் ஊடுருவும், பல நோய்க்குக் கேட்கும் என்பதால் உழவருக்கும் அசோலை விட மனம் வருவதில்லை. அந்த 2025 அறிக்கை தரும் கணக்கில் 2010 முதல் 2021 வரை ஐரோப்பாவில் மனித மருத்துவத்துக்கு வெளியே விற்ற அசோல் ஏறத்தாழ 1,20,000 டன். அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் வேளாண்மைக்குப் போனது.

குறி வைத்தது ஒன்றை, பட்டது இன்னொன்றின் மேல்

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் எந்தப் பயிருக்கும் நோய் தருவதில்லை. இந்த விஷயத்தில் பலர் தவறவிடும் இடம் இது. அது மட்குகளைத் தின்று வாழும் பூஞ்சை. இலைதழை, வைக்கோல், மரத்தூள், எருக்குழி என்று அழுகுவது எதுவோ அங்கெல்லாம் இருக்கும். அது இல்லாவிட்டால் குப்பை மட்காது என்று சொல்லும் அளவுக்கு உபகாரி.

கோதுமையின் இலைப்புள்ளிக்கோ நெல்லின் நெற்பழ நோய்க்கோ அசோல் அடிக்கும்போது இதைக் குறிவைத்து யாரும் அடிப்பதில்லை. ஆனால் இலையில் படிந்த மருந்தோடுதான் அந்த இலை குப்பைக்கு வருகிறது.

குப்பைமேட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாரக்கணக்கில் கிடந்த மட்குக் குவியலை மண்வெட்டியால் வெட்டினால் உள்ளே கை வைக்க முடியாத சூடு, அதோடு புகைபோல ஒன்று எழும். பாதி நீராவி, மீதி பூஞ்சை வித்து. இந்தப் பூஞ்சை 50 டிகிரி செல்சியஸுக்கு மேலும் வளரும். மற்றப் பூஞ்சைகள் பலவும் செத்துப்போகும் சூட்டில் இது செழிக்கிறது. குப்பையின் சூட்டைத் தாங்கப் பழகிய உயிருக்கு மனித உடம்பின் 37 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. மனிதரைத் தாக்குவதற்கென்று அது தயாரானதல்ல, குப்பையில் கிடைத்த பயிற்சி நுரையீரலிலும் உதவுகிறது.

அந்தக் குவியலுக்குள் நடப்பதை வரிசைப்படுத்தினால்:

1. குவியலில் கோடிக்கணக்கான வித்துகள். நகலெடுக்கும்போது ஏற்படும் பிழையால் ஒன்றிரண்டில் சைப்51ஏ மரபணு கொஞ்சம் மாறியிருக்கும்.

2. மருந்து எச்சம் குறைந்த அளவில் இருக்கிறது. எல்லாவற்றையும் கொல்லப் போதாது, சாதாரண வித்துகளைப் பின்தள்ளப் போதும்.

3. மாறிய வித்து மட்டும் தடையின்றிப் பெருகும். குவியலின் சூடும் ஈரமும் ஆண்டு முழுக்கக் கிடைப்பதால் தலைமுறைகள் வேகமாகக் கழியும்.

4. குவியலைப் புரட்டும்போதும் வயலில் தூவும்போதும் வித்துகள் காற்றில் ஏறும். ஒரு வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும் அளவு.

நாம் ஒவ்வொருவரும் தினமும் நூற்றுக்கணக்கில் இந்த வித்துகளை மூச்சோடு இழுக்கிறோம். நோய் எதிர்ப்பு சக்தி உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வெள்ளணுக்கள் துப்புரவு செய்துவிடுகின்றன.

ஆக, காய்கறியில் எஞ்சிய மருந்தைத் தின்பதால் வருவதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தட்டில் உள்ள எச்சம் வேறு பிரச்சினை, அதற்குத் தனிச் சட்டமும் வரம்பும் உண்டு. இங்கே மருந்து வயலிலும் குப்பையிலுமே நின்றுவிடுகிறது. நம்மிடம் வருவது அந்த மருந்தோடு பழகிய வித்து.

நெதர்லாந்தில் கிடைத்த தடயம்

இது ஊகம் இல்லை என்று எப்படித் தெரியும்? மருத்துவமனையில் அதிக அசோல் கொடுத்ததால்தான் எதிர்ப்பு வந்தது என்று சொல்லிவிட முடியாதா? ஓரளவு அப்படியும் நடக்கிறது. ஆனால் நோயாளியின் உடம்பில் உருவாகும் எதிர்ப்புக்கும் குப்பையில் உருவாகும் எதிர்ப்புக்கும் மரபணுவில் வெவ்வேறு சாயல் இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்களுக்கு, குறிப்பாக மருத்துவ நுண்ணுயிரியலாளர் பால் வெர்வைய் குழுவுக்கு.

மாதக்கணக்கில் அசோல் சாப்பிடும் நோயாளியின் நுரையீரலில் பூஞ்சை எதிர்ப்பைப் பெறும்போது சைப்51ஏ மரபணுவில் ஓர் எழுத்து மாறும், ஆளுக்கு ஒரு விதமாக. வெர்வைய் குழு கண்டது அப்படி இல்லை. ஒருவரையொருவர் அறியாத நோயாளிகளிடம் ஒரே மாற்றம். அதுவும் இரட்டை மாற்றம்: மரபணுவை இயக்கும் முன்பகுதியில் 34 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரண்டு முறை வந்திருந்தது, கூடவே நொதியின் 98-ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். டிஆர்34/எல்98எச் என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். முதல் மாற்றத்தால் நொதி அளவுக்கு மீறி உற்பத்தியாகும், இரண்டாவதால் நொதியின் வடிவம் மாறி அசோல் பொருந்தாமல் போகும். பூட்டையும் மாற்றி, கதவையும் கூட்டிவைத்தது போல.

மற்றத் தடயங்கள் இவை:

1. எதிர்ப்புள்ள பூஞ்சை தாக்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதற்கு முன் அசோல் மாத்திரையைத் தொட்டதே இல்லை. அவர்கள் உடம்பில் எதிர்ப்பு உருவாகியிருக்க வழியில்லை, வரும்போதே எதிர்ப்போடு வந்திருக்கிறது.

2. சேமித்து வைத்த பழைய மாதிரிகளைத் தோண்டியபோது நெதர்லாந்தில் இந்த மாற்றம் 1998-லேயே இருந்தது. வோரிகோனசோல் சந்தைக்கு வந்தது 2002-இல். மருத்துவ அசோல்களோடு மூலக்கூறு அமைப்பில் மிக ஒத்துப்போகும் ஐந்து வேளாண் அசோல்களுக்கு அந்நாட்டில் 1990 முதல் 1996 வரை அனுமதி கிடைத்திருந்தது.

3. துலிப் போன்ற பூக்களின் கிழங்குகளைப் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுத்து நடுவது அங்கே வழக்கம். அந்தக் கிழங்குக் கழிவின் குவியல்களில் எதிர்ப்புள்ள வித்துகள் மொய்த்தன. நெதர்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு இறக்குமதியான பூக்கிழங்குகளிலும் அவை கிடைத்தன. காற்று மட்டுமல்ல, கப்பலும் சுமக்கிறது.

4. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நோயாளிகளிடமும் மண்ணிலும் காற்றிலும் எடுத்த 218 மாதிரிகளின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து 2022-இல் வெளியிட்டார்கள். ஆறு எதிர்ப்பு இழைகள் (அதாவது ஒரே பூஞ்சையின் மரபணு வகைகள்) நோயாளியிடமும் சூழலிலும் ஏறத்தாழ அச்சாக ஒன்றாக இருந்தன.

நான்கில் எனக்கு வலுவாகத் தோன்றுவது இரண்டாவது. மருந்து கடைக்கு வரும் முன்பே அந்தக் குடும்பத்தைத் தாங்கும் பூஞ்சை தயாராக இருந்தது என்றால், குற்றத்தை மருத்துவரின் சீட்டின் மேல் மட்டும் போட முடியாது.

நோயாளிக்கு என்ன ஆகிறது

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், ஸ்டிராய்டு அதிகம் எடுப்பவர் ஆகியோரிடம் வெள்ளணுக் காவல் தளர்ந்திருக்கும். வித்து முளைத்து நூலாக நீண்டு நுரையீரல் திசுவைத் துளைக்கும். இதுதான் ஊடுருவும் ஆஸ்பெர்ஜில்லோசிஸ். முதல் மருந்து வோரிகோனசோல்.

அது கேட்காமல் போனால்? நெதர்லாந்து மருத்துவமனைகளின் 2019 ஆய்வு ஒன்று இதற்கு எண்ணால் விடை சொன்னது. வோரிகோனசோல் கேட்கும் பூஞ்சை இருந்தவர்களில் 42-ஆம் நாளுக்குள் இறந்தவர்கள் 28 விழுக்காடு, கேட்காத பூஞ்சை இருந்தவர்களில் 49 விழுக்காடு. 90-ஆம் நாளில் இது 37-க்கு 62. ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்து எதிர்ப்பைக் கண்டறிய நாள் பிடிக்கும். அந்த நாட்களில் தவறான மருந்து ஓடிக்கொண்டிருக்கும். ஓர் இடத்தில் எதிர்ப்பு 10 விழுக்காட்டைத் தாண்டினால் அசோலை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம் என்று 2015-இல் வல்லுநர் குழு ஒன்று சொன்னது இதனால்தான்.

இந்தியாவுக்கு இது எவ்வளவு நெருக்கம்

டெல்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரி குழு டிஆர்34/எல்98எச் இழையை இந்திய நோயாளிகளிடமும் இந்திய மண்ணிலும் கண்டு 2012-இல் வெளியிட்டது. ஆக இது துலிப் தேசத்துக் கதை மட்டுமல்ல.

நமக்கென்று ஒரு கூடுதல் காரணம் காசநோய். உலகில் காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. காசநோய் ஆறிய பிறகு நுரையீரலில் குழிவு மிஞ்சும். அந்தக் குழிவில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறினால் நாள்பட்ட ஆஸ்பெர்ஜில்லோசிஸ். இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்று அறிகுறிகள் காசநோயையே ஒத்திருப்பதால் "திரும்ப டிபி வந்துடுச்சு" என்று பழைய மாத்திரையையே மறுபடி தொடங்குவதும் நடக்கிறது. இதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ இட்ராகோனசோல் மாத்திரை எடுக்க வேண்டும். இந்த நோயாளி ஊசி மருந்துக்காக மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுத்திருக்க முடியாது. அசோல் போனால் அவருக்கு எல்லாம் போனது போல.

வயல் பக்கம் பார்த்தால், நெற்பழ நோய்க்குத் தொண்டைக்கதிர்ப் பருவத்திலும் பாதிப் பூத்த நிலையிலும் புரோபிகோனசோல் 25 இசி ஏக்கருக்கு 200 மில்லி, அதாவது பத்து லிட்டர் டேங்குக்குப் பத்து மில்லி என்பது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. (நெல்மணிக்குப் பதில் மஞ்சள் உருண்டை வரும் இந்த நோயை லட்சுமி நோய் என்றே அழைப்பார்கள். விளைச்சல் கொழிக்கும் பட்டத்தில் வருவதால் அந்தப் பெயர்.) வாழை இலைப்புள்ளிக்கும் புரோபிகோனசோல், நிலக்கடலைக்கு டெபுகோனசோல், நீலகிரித் தேயிலையின் கொப்புள நோய்க்கு ஹெக்சகோனசோல்.

ஆனால் நெதர்லாந்தின் முடிவை அப்படியே இங்கே ஒட்டிவிடுவது சரியல்ல. எல்லா வயலும் எதிர்ப்பை வளர்ப்பதில்லை. மருந்து எச்சமும், மட்கும் பொருளும், சூடும், நாட்பட்ட சேமிப்பும் ஓரிடத்தில் சேர வேண்டும். நெல் வயலைவிட, அறுவடைக்குப் பின் ஈரத்தோடு குவித்த வைக்கோலையும் மலர்ச்சந்தைக் கழிவையும் மாநகராட்சி உரக்கிடங்கையும்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பூஞ்சையோடு நிறுத்தாமல் பாக்டீரியாவையும் ஒரு கணம் பார்த்தால், நெல் பாக்டீரியா இலைக்கருகலுக்குச் சின்னப் பொட்டலத்தில் வாங்கி அடித்த ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்பது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்தது. ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக். இந்த இரண்டையும் வேளாண்மையிலிருந்து விலக்க மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. மனித மருந்து வயலில் வேண்டாம் என்ற வாதத்தை நம் அரசே பாக்டீரியா விஷயத்தில் ஏற்றிருக்கிறது. பூஞ்சை விஷயம் அதைவிடச் சிக்கல். ஏனென்றால் அங்கே இருப்பது அதே மருந்து அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு பொருள், பூஞ்சையின் கண்ணுக்கு ஒன்று.

புதிய மருந்துகளிலும் அதே ஜோடி

பழையது போனால் புதியது வரட்டும் என்று சொல்லலாம். வரிசையில் நம்பிக்கை தருபவை இரண்டு: ஒலோரோஃபிம், ஃபாஸ்மனோஜெபிக்ஸ். அசோல் தொடும் இடத்தை இவை தொடுவதில்லை. ஒலோரோஃபிம் பூஞ்சையின் மரபுப்பொருளுக்கு மூலச்சரக்கு செய்யும் ஒரு நொதியைத் தடுக்கிறது. ஃபாஸ்மனோஜெபிக்ஸ் செல்சுவரில் புரதங்களை நங்கூரமிடும் வேலையைக் கெடுக்கிறது. அசோலுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸையும் இவை அடக்குகின்றன. இரண்டும் பல ஆண்டு உழைப்பு.

இதே காலத்தில் பயிர் மருந்து ஆய்வகங்களும் புதிய வழி தேடிக்கொண்டிருந்தன, அசோலுக்கு அடங்காத பயிர்ப் பூஞ்சைகள் அவர்களுக்கும் தலைவலி. அவர்கள் கண்டவை இப்ஃபுளுஃபெனோகுயினும் அமினோபைரிஃபெனும். முதலாவது தொடுவது ஒலோரோஃபிம் தொடும் அதே நொதி. இரண்டாவது தொடுவது ஃபாஸ்மனோஜெபிக்ஸ் தொடும் அதே இலக்கு.

யாரும் சதி செய்யவில்லை. பூஞ்சையில் அடிக்கத் தோதான இடங்கள் குறைவு, இரண்டு பக்கமும் தேடினால் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். ஆய்வகத்தில் ஆஸ்பெர்ஜில்லஸை இப்ஃபுளுஃபெனோகுயினில் வளர்த்தபோது, அதைத் தாங்கி வந்த இழைகள் ஒலோரோஃபிமையும் தாங்கின என்று மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2024-இல் காட்டிவிட்டார்கள்.

தீர்வாக முன்வைக்கப்படுபவை சில உண்டு: கழிவுக் குவியலை மூடி முறையாக மட்கவைப்பது, அடிக்கும் சுற்றுகளைக் குறைப்பது, நோய் தாங்கும் ரகங்களை நடுவது, மருத்துவமனைகளில் எதிர்ப்புச் சோதனையை வழக்கமாக்குவது. எல்லாம் தேவைதான். ஆனால் முடிச்சு அனுமதி மேசையில் இருக்கிறது. பயிர் மருந்தைப் பதிவுசெய்யும் இடத்தில் மீனுக்கும் தேனீக்கும் நஞ்சா, எச்சம் எவ்வளவு என்று கேட்பார்கள். நாளை மனிதருக்கு வரப்போகும் மருந்தோடு இதற்கு உறவு உண்டா என்பது பழைய கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைச் சேர்ப்பதற்கான வழிமுறை வரைவை 2023 செப்டம்பரில் வெளியிட்டது. இப்ஃபுளுஃபெனோகுயினுக்கு அதே முகமை அனுமதி கொடுத்தது 2022-இல். ஒலோரோஃபிமுக்கு அந்நாட்டின் மருந்து அனுமதி அமைப்பிடம் முதல் விண்ணப்பத்தில் அனுமதி கிடைக்கவில்லை. கூடுதல் தரவு வேண்டும் என்று 2023-இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.